விக்டர் போர்கே: பியானோவோடு மேடையேறிய நகைச்சுவைக் கலைஞர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விக்டர் போர்கேயின் பழைய மேடைப் பதிவு ஒன்றை யாருக்காவது போட்டுக் காட்டினால், சிரித்து முடித்ததும் கேள்விகள் தொடங்கிவிடும். எந்த ஊர்க்காரர், நிஜமாகவே வாசிக்கிறாரா, எடுத்த பாட்டை ஏன் முடிக்க மாட்டேன் என்கிறார் என்று ஏறக்குறைய எல்லோரும் ஒரே வரிசையில்தான் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதிப் பதில் தந்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், வில்லங்கமானவை பின்னால்.

இவர் நார்வேக்காரர்தானே? ஸ்காண்டிநேவியர் என்று எங்கோ படித்த நினைவு.

ஸ்காண்டிநேவியர் என்பது சரி. ஆனால் பிறந்தது டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில், 1909 ஜனவரி 3 அன்று. யூதக் குடும்பம். பெற்றோர் வைத்த பெயர் பியோர்கே ரோசன்பாம். அமெரிக்காவுக்குப் போன பிறகுதான் விக்டர் போர்கே ஆனார். 1948இல் அந்த நாட்டுக் குடியுரிமையும் பெற்றார்.

நார்வேக்காரர் என்று பலர் நினைப்பதில் வியப்பில்லை. நார்வேயும் டென்மார்க்கும் மொழியிலும் மேடை மரபிலும் பங்காளிகள். பாட்டு, குட்டி நாடகம், அன்றாட அரசியல் கிண்டல் எல்லாவற்றையும் ஒரே இரவில் கோத்துத் தரும் 'ரெவ்யூ' என்ற மேடை வடிவம் இரு நாடுகளிலும் செழித்தது. ஓஸ்லோவில் 1912இல் தொடங்கிய 'ஷா நுவார்' அரங்கு அதற்கென்றே பேர்பெற்றது. போர்கேயும் அந்த ரெவ்யூ மேடையில் உருவானவர்தான். பிற்காலத்தில் நார்வே அவருக்குப் புனித ஓலாவ் விருது அளித்தது. டென்மார்க், ஸ்வீடன், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகியவையும் தத்தம் விருதுகளை அளித்தன. ஆக, ஐந்து நோர்டிக் நாடுகளும் அவரைத் தம்மவராகவே கொண்டாடின.

உண்மையிலேயே பியானோ படித்தவரா, வேடிக்கைக்குத் தட்டுகிறவரா?

முறையாகப் படித்தவர். அப்பா பெர்ன்ஹார்ட் டென்மார்க் அரச இசைக்குழுவில் வாசித்தவர். அம்மா ஃப்ரெடெரிக்கே பியானோ வாசிப்பவர். இரண்டு வயதிலேயே பியானோ முன்னால் உட்கார்ந்த பிள்ளை, எட்டு வயதில் முதல் கச்சேரி கொடுத்தது. 1918இல் உதவித்தொகையுடன் அரச இசைக் கல்விக்கூடத்தில் இடம் கிடைத்தது.

பிறகு அவர் பாடம் கேட்ட ஆசிரியர்களில் ஃப்ரெடெரிக் லாமண்ட், எகோன் பெட்ரி இருவரும் முக்கியமானவர்கள். லாமண்ட், பியானோ மேதை லிஸ்ட்டின் நேரடி மாணவர். பெட்ரி, இன்னொரு பியானோ மேதையான புசோனியின் மாணவர். பியானோ உலகில் இதைவிடக் கனமான குருபரம்பரை அரிது. 1926இல் கோபன்ஹேகனில் பெரிய கச்சேரியோடு அரங்கேறினார். அவரை 'பியானோ தட்டும் கோமாளி' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

அவ்வளவு படித்தவர் ஏன் வித்வானாக இருக்காமல் நகைச்சுவைக்குப் போனார்?

போனார் என்பதைவிட, இரண்டையும் விடாமல் வைத்துக்கொண்டார் என்பதே பொருத்தம். 1933இல் ரெவ்யூ மேடையில் அறிமுகமானார். பியானோ வாசித்துக்கொண்டே நடுவில் நிறுத்திப் பேசுவார், பேச்சிலிருந்து நழுவி மறுபடி வாசிப்புக்கு வருவார். இந்தக் கலவை பிடித்துப்போய், 1930களின் இறுதிக்குள் டென்மார்க்கின் புகழ்பெற்ற மேடைக் கலைஞர்களில் ஒருவராகிவிட்டார். டேனிஷ் திரைப்படங்கள் சிலவற்றிலும் நடித்தார். அதே 1933இல் எல்சி சில்டன் என்ற அமெரிக்கப் பெண்ணை மணந்தார்.

நாஜிகளைக் கேலி செய்ததால் நாட்டைவிட்டு ஓட நேர்ந்ததாமே?

ஆம். ஜெர்மனி பக்கத்து நாடாக இருக்க, யூதரான ஒருவர் மேடையேறி ஹிட்லரைக் கிண்டல் செய்வது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. போர்கே அதை ஆண்டுக்கணக்கில் செய்தார். அப்போதைய துணுக்கு ஒன்று இன்றும் அவர் பெயரில் சொல்லப்படுகிறது: நாஜிக்கும் நாய்க்கும் என்ன வித்தியாசம்? நாஜி கையைத் தூக்குவான். நாய் எதைத் தூக்கும் என்பதைக் கேட்பவர்களின் கற்பனைக்கு விட்டுவிடுவார்.

1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மன் படைகள் டென்மார்க்கிலும் நார்வேயிலும் ஒரே நாளில் நுழைந்தன. அன்று போர்கே நிகழ்ச்சிக்காக ஸ்வீடனில் இருந்தார். ஊர் திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஸ்வீடனிலிருந்து பின்லாந்துக்குப் போனார். சாகக் கிடந்த தாயைப் பார்க்க, மாலுமி வேடத்தில் ஒருமுறை டென்மார்க்குக்குள் போய் வந்தார் என்றும் அவரது வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன.

அமெரிக்காவுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தார்?

பின்லாந்தின் வட கோடியில் அன்று பெட்சாமோ என்றொரு துறைமுகம் இருந்தது. அங்கிருந்து 1940 ஆகஸ்டில் 'அமெரிக்கன் லீஜியன்' என்ற அமெரிக்கப் படைக் கப்பல் அகதிகளையும் நாடு திரும்பும் அமெரிக்கர்களையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. அதில் இடம் கிடைத்தது. ஆகஸ்ட் 28 அன்று நியூயார்க் வந்து சேர்ந்தபோது கையில் இருந்தது 20 டாலர். அதிலும் 3 டாலர் சுங்கக் கட்டணமாகப் போயிற்று.

முதல் கேள்வியில் பேசிய நார்வே உறவு இங்கே எதிர்பாராத விதத்தில் குறுக்கிடுகிறது. அதே கப்பலில்தான் நார்வேயின் பட்டத்து இளவரசி மார்த்தா தன் மூன்று குழந்தைகளுடன் அமெரிக்கா போனார். அதில் ஒரு குழந்தை, அப்போது மூன்று வயதான ஹரால்ட், 1991இல் நார்வேயின் அரசரானார். ஓர் அரச குடும்பமும், சல்லிக்காசு இல்லாத நகைச்சுவைக் கலைஞரும் ஒரே கப்பலில் ஒரே படைக்குத் தப்பி வந்தார்கள் என்பதைப் படித்த நாளிலிருந்து அந்தக் கப்பல் பயணம் என் மனதை விட்டு அகலவில்லை.

ஆங்கிலம் தெரியாமல் அமெரிக்கர்களை எப்படிச் சிரிக்க வைத்தார்?

சினிமா கொட்டகையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து, நடிகர்கள் பேசுவதைப் பிடித்துக்கொண்டு, தன் டேனிஷ் துணுக்குகளை ஆங்கிலத்துக்கு மாற்றினார். பாடகர் ரூடி வேலியின் வானொலி நிகழ்ச்சியில், ஒலிபரப்பு தொடங்கும் முன் கூட்டத்தைச் சிரிக்கவைத்துத் தயார்படுத்தும் வேலை கிடைத்தது. 1941இல் பாடகர் பிங் கிராஸ்பியின் 'கிராஃப்ட் மியூசிக் ஹால்' வானொலி நிகழ்ச்சி அவரை நாடு முழுவதும் கொண்டுபோயிற்று. அடுத்த ஆண்டே வானொலியின் சிறந்த புதுக்கலைஞர் என்று பெயர் வாங்கினார். 1946இல் என்.பி.சி. வானொலியில் சொந்த நிகழ்ச்சி.

மொழி தட்டுத்தடுமாறியதை அவர் மறைக்கவில்லை. டேனிஷ் உச்சரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு, ஆங்கிலத்தை வெளியிலிருந்து வேடிக்கை பார்ப்பவரின் பார்வையை முதலீடாக்கினார். பிறந்தது முதல் ஆங்கிலம் பேசியவர்களின் கண்ணில் படாத கோணல்கள் அவர் கண்ணில் பட்டன. அடுத்த இரண்டு பதில்களில் வருபவை அப்படிப் பிறந்தவை.

நிறுத்தற்குறிகளுக்குச் சத்தம் கொடுப்பாராமே, அது என்ன?

ஒரு கதையை உரக்கப் படிப்பார். காற்புள்ளி, முற்றுப்புள்ளி, கேள்விக்குறி, ஆச்சரியக்குறி ஒவ்வொன்றுக்கும் வாயால் ஒரு தனி ஓசை எழுப்புவார். முற்றுப்புள்ளி வந்தால் பட்டென்று ஒரு வெடிப்பு. ஆச்சரியக்குறிக்கு மேலிருந்து கீழே ஒரு சீழ்க்கை, அடியில் புள்ளிக்கு மறுபடி அந்த வெடிப்பு. கையும் காற்றில் குறியை வரைந்துகொண்டே போகும். முதல் இரண்டு வரிகளில் குறிகளைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, போகப்போக வேகத்தைக் கூட்டுவார். காதல் காட்சியின் உருக்கமான வசனத்தில் குறிகள் குவியும்போது கதை முழுவதும் வெறும் ஓசைகளாகிவிடும்.

ஆங்கிலம் சரளமாக வராதவர்களும் இதைத் தாராளமாக ரசிக்கலாம். கதை ஒரு சாக்குத்தான்.

எண்களைக் கூட்டிப் பேசும் நிகழ்ச்சி எனக்குப் புரியவே இல்லை. விளக்க முடியுமா?

இதற்குக் கொஞ்சம் ஆங்கிலம் வேண்டும். விலைவாசி ஏறும்போது மொழி மட்டும் ஏறாமல் இருக்கலாமா என்பது அவர் வாதம். அதனால் சொற்களுக்குள் ஒளிந்திருக்கும் எண் ஒலிகளை எல்லாம் ஒன்று கூட்டிச் சொல்வார். 'ஒன்ஸ் அப்பான் எ டைம்' என்று தொடங்க வேண்டிய கதை 'ட்வைஸ் அப்பான் எ டைம்' என்று தொடங்கும். 'ஒண்டர்ஃபுல்' என்பது 'டூடர்ஃபுல்' ஆகும்.

தமிழில் செய்து பார்த்தால் சட்டென்று பிடிபடும். 'ஒருவேளை நாளை வருவேன்' என்பது 'இருவேளை நாளை வருவேன்' ஆகும். 'நாலாபக்கமும் தேடினேன்' என்பது 'ஐந்தாபக்கமும் தேடினேன்'. இப்படி ஒரு முழுக் கதையை மூச்சுவிடாமல், முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லாமல் சொல்வதை நினைத்துப் பாருங்கள்.

பிராட்வேயில் ஏதோ சாதனை செய்தார் என்கிறார்களே?

பிராட்வே என்பது நியூயார்க்கின் புகழ்பெற்ற நாடக அரங்குகள் உள்ள பகுதி. 1953 அக்டோபர் 2 அன்று அங்குள்ள கோல்டன் அரங்கில் 'காமெடி இன் மியூசிக்' என்ற தனிநபர் நிகழ்ச்சியைத் தொடங்கினார். மேடையில் ஒரு பியானோ, ஓர் ஆள், அவ்வளவுதான். 1956 ஜனவரி வரை 849 காட்சிகள் நடந்தன. தனிநபர் நிகழ்ச்சி ஒன்று அதிக நாள் ஓடியதற்கான கின்னஸ் பதிவில் அது இடம்பெற்றது. 1964இலும் 1977இலும் மறுபடி பிராட்வேக்கு வந்தார். அந்த முதல் ஓட்டத்தின் உயரம் வேறு.

மேடையில் அப்படி என்னதான் செய்வார்? ஒரு காட்சியைச் சொல்லுங்களேன்.

எனக்கு மிகப் பிடித்ததைச் சொல்கிறேன். இசைத்தாளைப் பியானோவின் தாங்கியில் வைத்துவிட்டு, மிகுந்த கவனத்தோடு பார்த்து வாசிக்கத் தொடங்குகிறார். எங்கோ கேட்ட தாளம். ஆனால் மெட்டு கோணலாக ஓடுகிறது. மேலே ஏற வேண்டிய சுரம் கீழே இறங்குகிறது. அவருக்கே ஏதோ சரியில்லை என்று படுகிறது. நிறுத்துகிறார். மூக்கு தாளில் படும் அளவுக்குக் குனிந்து பார்க்கிறார். அரங்கம் காத்திருக்கிறது. தாளை எடுத்துத் தலைகீழாகத் திருப்பி வைக்கிறார். மறுபடி வாசித்தால், ரோசினியின் 'வில்லியம் டெல்' முன்னிசை, குதிரைகள் பாய்ந்து வரும் அந்தப் பகுதி, அச்சுப் பிசகாமல் வருகிறது.

சிரிப்பு அடங்கிய பிறகு ஒன்றைக் கவனியுங்கள். தாளக்கட்டை அப்படியே வைத்துக்கொண்டு, சுரங்களின் ஏற்ற இறக்கத்தை மட்டும் கவிழ்த்து, அதுவும் அந்த வேகத்தில் வாசித்திருக்கிறார். வெறுமனே தப்பும் தவறுமாகத் தட்டியிருந்தால் 'எங்கோ கேட்டிருக்கிறோமே' என்ற அரிப்பு கேட்பவருக்கு வந்திருக்காது. தாளைத் திருப்பும் இடத்தில் வெடிச்சிரிப்பும் வந்திருக்காது. இரண்டாவது பதிலில் சொன்ன அத்தனை படிப்பும் அந்த அரை நிமிடத்துக்குள் இருக்கிறது.

இன்னொன்று: 'ஹேப்பி பர்த்டே' பாட்டை மோட்சார்ட் எழுதியிருந்தால், பிராம்ஸ் எழுதியிருந்தால், வாக்னர் எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அந்த இடத்திலேயே வாசித்துக் காட்டுவார். அதில் கேலி குறைவு, இசை அதிகம்.

ஒரு பாடகி உச்சத்தில் பாட, இவர் இருக்கையிலிருந்து விழுவாரே, அவர் யார்?

மேரிலின் மல்வி. நல்ல சொப்ரானோ, அதாவது உச்சக்குரல் பாடகி. வெர்டியின் 'ரிகொலெட்டோ' ஆப்பராவிலிருந்து 'காரோ நோமே' பாடுவார். உச்சசுரம் ஒன்று வந்ததும் போர்கே திடுக்கிட்டு இருக்கையிலிருந்து விழுவார். எழுந்து, தூசி தட்டி, ஒரு இருக்கைப் பட்டையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு மறுபடி உட்காருவார். இனி எந்த உச்சசுரம் வந்தாலும் கவலையில்லை என்ற நிம்மதி அந்த முகத்தில் தெரியும்.

உடன் வந்தவர்கள் எல்லோரும் தேர்ந்த கலைஞர்கள். லியோனிட் ஹாம்ப்ரோ நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கில் பியானோ வாசித்தவர். சஹான் அர்ஸ்ருனி, துருக்கியில் பிறந்த ஆர்மீனியப் பியானோ கலைஞர். பக்கம் திருப்ப வந்தவர் போல வாய்திறக்காமல் நிற்பார். பிறகு அவரும் போர்கேயும் லிஸ்ட்டின் இரண்டாம் ஹங்கேரியன் ராப்சோடியை ஒரே பியானோவில் நான்கு கைகளால் வாசிப்பார்கள். கை மேல் கை ஏறி, ஆள் மேல் ஆள் சுற்றிப் போனாலும் இசை மட்டும் அறுபடாது.

ஹாலிவுட் படங்களில் நடித்தாரா?

குறைவுதான். 1943இல் ஃப்ராங்க் சினாட்ரா நடித்த 'ஹையர் அண்ட் ஹையர்' படத்தில் வந்தார். சினிமா அவருக்கு ஒத்துவரவில்லை என்பது என் கருத்து. எதிரே கூட்டம் இருந்தால்தான் அவர் நகைச்சுவைக்கு மூச்சு. தொலைக்காட்சி அதைவிடப் பொருந்தியது. 1979இல் 'மப்பெட் ஷோ' என்ற பொம்மலாட்ட நிகழ்ச்சிக்கு விருந்தினராகப் போனது குழந்தைகளுக்குக் காட்ட ஏற்றது.

கோழிப்பண்ணை வைத்திருந்தார் என்பது உண்மையா, அதுவும் அவர் துணுக்கா?

உண்மை. கனெக்டிகட் மாநிலத்தின் சவுத்பரியில் 'விபோ' (ViBo) பண்ணை என்று ஒன்று வைத்திருந்தார். பெயரின் இரண்டு பாதிகளிலிருந்தும் முதலெழுத்துகளை எடுத்து வைத்த பெயர். 'கார்னிஷ் ஹென்' என்ற சிறிய கோழியினத்தை அமெரிக்கச் சாப்பாட்டு மேசைகளில் பரவச் செய்தவர்களில் அவருக்கு முக்கிய இடம் உண்டு.

ஐம்பது வருடம் ஒரே துணுக்குகளையே சொன்னாராமே? அது சோம்பல் இல்லையா?

ஒரே துணுக்குகளைச் சொன்னார் என்பது மறுக்க முடியாதது. 1950களின் பதிவையும் 1990களின் பதிவையும் அடுத்தடுத்துப் பார்த்தால் நிறுத்தற்குறி அப்படியே இருக்கும், விழுவது அப்படியே இருக்கும். ஆனால் ஒரு பியானோ கலைஞர் ஒரே சொனாட்டாவை ஐம்பது வருடம் வாசித்தால் யாரும் சோம்பல் என்று சொல்வதில்லை. போர்கே தன் துணுக்குகளை அப்படித்தான் நடத்தினார். எங்கே நிறுத்துவது, எத்தனை நொடி சும்மா இருப்பது, எப்போது கூட்டத்தைப் பார்ப்பது என்பது கூட்டத்துக்குக் கூட்டம் மாறியது. மேற்சொன்ன இரண்டு பதிவுகளையும் சொல்லுக்குச் சொல் கேட்டால் ஒன்றுதான். இடைவெளிகளைக் கேட்டால் வேறு வேறு.

செவ்வியல் இசையைக் கேவலப்படுத்தினார் என்று என் ஆசிரியர் சொல்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஆசிரியரோடு நான் உடன்படவில்லை. அவர் எதைக் கேலி செய்கிறார் என்று கவனித்துப் பாருங்கள். கோட்டின் வாலை ஒதுக்கி உட்காரும் தோரணை, இருக்கையின் உயரத்தைச் சரிசெய்யும் சடங்கு, ஆப்பராக் கதைகளின் அபத்தம், கச்சேரிக்கு வந்தவர் இருமக்கூட அஞ்சும் இறுக்கம். இவையெல்லாம் இசையைச் சுற்றிக் கட்டிய வேலிகள். இசையைத் தொடும் இடத்தில் அவர் கை தவறுவதில்லை. தெபுஸ்ஸியின் 'கிளேர் த லூன்' போன்ற ஒன்றை அவர் குறுக்கீடில்லாமல் வாசிக்கும்போது, சற்றுமுன் வயிறு வலிக்கச் சிரித்த கூட்டம் அடங்கிப்போவதைக் கேட்கலாம்.

எனக்கும் ஒரு மனக்குறை உண்டு. முழுதாக வாசித்திருக்கலாமே என்று தோன்றும் இடங்கள் பல. ஆனால் இசை உலகம் அவரைத் தள்ளிவைக்கவில்லை. நியூயார்க் ஃபில்ஹார்மோனிக், லண்டன் ஃபில்ஹார்மோனிக் போன்ற குழுக்கள் அவரோடு மேடையேறின. 1992இல் கோபன்ஹேகனின் அரச நாடக அரங்கில் டென்மார்க் அரச இசைக்குழுவை நடத்தும் அழைப்பு வந்தது. அப்பா வாசித்த அதே குழு.

தப்பி வந்ததைப் பற்றிப் பிறகு ஏதாவது செய்தாரா, வெறும் சிரிப்போடு நின்றுவிட்டாரா?

இதை அதிகம் பேர் கேட்பதில்லை. கேட்க வேண்டும். 1943 அக்டோபரில் டென்மார்க்கின் யூதர்களைப் பிடிக்க நாஜிகள் திட்டமிட்டபோது, சாதாரண டேனிஷ் மக்கள் அவர்களை ஒளித்துவைத்து, மீன்பிடிப் படகுகளில் கடல் கடத்தி ஸ்வீடனுக்கு அனுப்பினார்கள். 7,000க்கும் மேற்பட்டவர்கள் பிழைத்தார்கள்.

அதற்கு நன்றியாக 1963இல் வழக்கறிஞர் ரிச்சர்ட் நெட்டருடன் சேர்ந்து 'தேங்க்ஸ் டு ஸ்காண்டிநேவியா' என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார். டென்மார்க், நார்வே, ஸ்வீடன், பின்லாந்து நாட்டவர் அமெரிக்காவில் படிக்க அது உதவித்தொகை தந்தது. அதன் நிதிக்காக அவரே மேடையேறினார்.

கடைசி நாட்கள் எப்படி இருந்தன?

வேலையாக இருந்தன. 90 வயதிலும் ஆண்டுக்கு 60 நிகழ்ச்சிகள் வரை நடத்தினார். 1999இல் கென்னடி மையத்தின் கௌரவ விருது கிடைத்தது. கோபன்ஹேகனில் நிகழ்ச்சி நடத்திவிட்டுத் திரும்பிய சிறிது காலத்தில், 2000 டிசம்பர் 23 அன்று கனெக்டிகட்டின் கிரீனிச்சில் உறக்கத்திலேயே காலமானார். சாம்பலில் ஒரு பகுதி கிரீனிச்சிலும், மறு பகுதி கோபன்ஹேகனின் யூதக் கல்லறையிலும் இருக்கிறது. 2002இல் கோபன்ஹேகன் நகரம் ஒரு சதுக்கத்துக்கு அவர் பெயரை வைத்தது.

நான் இதுவரை பார்த்ததே இல்லை. எதில் தொடங்கலாம்?

'வில்லியம் டெல்' தாளைத் திருப்பும் காட்சியில் தொடங்குங்கள், மொழியே தேவையில்லை. அடுத்து அர்ஸ்ருனியுடன் வாசிக்கும் ஹங்கேரியன் ராப்சோடி. மூன்றாவதாக மேரிலின் மல்வியும் இருக்கைப் பட்டையும். இவை பிடித்த பிறகு நிறுத்தற்குறிக்குப் போகலாம். எண்களைக் கூட்டும் நிகழ்ச்சியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அதைப் பார்த்துக் குழம்பி விட்டுவிட்டவர்கள் நிறையப் பேர்.

குழந்தைகளோடு பார்க்கலாமா என்றும் கேட்பார்கள். பார்க்கலாம். துண்டு துண்டாகப் பார்ப்பதைவிட ஒரு முழு நிகழ்ச்சியின் பதிவு கிடைத்தால் விடாதீர்கள். முதல் அரைமணியில் போகிற போக்கில் சொன்ன ஒன்றை இரண்டாம் பாதியில் எடுத்துக் கோக்கும் வித்தை துண்டுகளில் தெரியாது.